நிறம், ருசி, வாசம்

தொழுகைக்கு முன் வஜூ என்னும் அங்கசுத்தி செய்யும்போது முகம் கழுவுவதற்கு முன்னால் மூன்று காரியங்கள் வருகின்றன. இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை கழுவ வேண்டும். வாய் கொப்பளிக்க வேண்டும். மூக்குக்குள் தண்ணீர் செலுத்திச் சிந்த வேண்டும். எங்கள் ஹனஃபி வழியில் இந்த மூன்றும் சுன்னத்து, அதாவது நபிவழி. கட்டாயக் கடமை முகத்தில்தான் தொடங்குகிறது. ஆம்பூரில் எனக்கு ஓதிக்கொடுத்த ஹஸ்ரத்திடம் எட்டு வயதில் கேட்டேன்: "கடமை பின்னால் இருக்கும்போது சுன்னத்து ஏன் ஹஸ்ரத் முன்னால் வருகிறது?"

அவர் உருதுவில் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. கையில் ஏந்தினால் தண்ணீரின் நிறம் தெரியும். வாயில் ஊற்றினால் ருசி தெரியும். மூக்கில் ஏற்றினால் வாசம் தெரியும். மூன்றும் மாறாமல் இருந்தால்தான் அது சுத்தம் செய்யத் தகுந்த தண்ணீர். சோதித்துப் பார்த்த பிறகே கடமைக்குப் போ.

கடலோரத்துத் தமிழ் முஸ்லிம்கள் ஒளு என்பார்கள், நாங்கள் வஜூ என்போம். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ், ஓதுவது அரபு என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நான்காவதாக எங்களுக்கு ஒரு மொழி உண்டு. அது தோலின் மொழி. 1975ல் பதினெட்டு வயதில் ஒரு டேனரியில், தோல் பதனிடும் ஆலையில், சேர்ந்தேன். 2017ல் வெளியே வந்தேன். பெரும்பகுதி நான் பார்த்தது 'செலக்‌ஷன்' வேலை: பதமான தோலை மேசையில் விரித்து, கையால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுவது. முள் கீறியதா, உண்ணி கடித்ததா, உரிக்கும்போது கத்தி பட்டதா என்று விரல் சொல்லிவிடும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

என் தாதாவும் தோல்காரர்தான். சிறுவனாக இருந்தபோது அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். செத்த மாட்டின் தோலைத் தொட்ட கையால் குர்ஆனைத் தொடலாமா? தாதா சிரிக்கவில்லை. கதை சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) ஒருமுறை போகும் வழியில் செத்த ஆடு ஒன்றைச் சிலர் இழுத்துக்கொண்டு போனார்களாம். இதன் தோலையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று நபிகள் கேட்டார்களாம். அது தானாகச் செத்தது என்று அந்த ஆட்கள் சொன்னபோது, விலக்கப்பட்டது உண்பதுதான், தோலைத் தண்ணீரும் 'கரழ்' என்பதும் தூய்மையாக்கிவிடும் என்று விளக்கினார்களாம். கரழ் என்றால் கருவேலம். அரபு நாட்டில் அதைக்கொண்டுதான் தோல் பதனிட்டார்கள். "அவங்களுக்குக் கருவேலம், நமக்கு ஆவாரம்பட்டை," என்றார் தாதா. பன்றியின் தோல் மட்டும் எப்படிப் பதனிட்டாலும் தூய்மையாகாது என்பது எங்கள் சட்டம். பிற்காலத்தில் வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் ஷூவின் உள்தோலுக்குப் பன்றித்தோல் கேட்டபோது, என் முதலாளி ஆட்டுத்தோலைக் காட்டி அவரைச் சம்மதிக்கவைத்தது நினைவிருக்கிறது.

தாதா சொன்ன அந்தச் சட்டத்தின் மேல்தான் எங்கள் ஊர்களின் கூரை நிற்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் தோல் ஏன் வந்து தங்கியது? மேலே மணலாகக் கிடந்தாலும் பாலாற்றின் அடியில் தண்ணீர் ஓடும். கையால் தோண்டினால் ஊற்று. சுற்றிலும் வறண்ட காட்டில் மஞ்சள் மஞ்சளாக ஆவாரை. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பிறகு அந்தத் தண்டவாளம் எங்கள் ஊர்களின் வழியாக ஜோலார்ப்பேட்டைக்குப் போனது. ஆறு, பட்டை, ரயில் மூன்றும் கூடிய இடம் இது. நான்காவது காரணம்தான் முக்கியமானது. தோலைத் தொட்டால் தீட்டு என்று ஊரே ஒதுங்கி நின்றது. முஸ்லிமுக்கு அந்தத் தீட்டு இல்லை. தாதா சொன்ன செத்த ஆட்டின் கதை அவனுக்கு வழிவிட்டிருந்தது.

அந்த வழியில் முதலில் நிறைய வந்து சேர்ந்தது பஞ்சத்தின் தோல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் மனிதர்களோடு மாடுகளும் மடிந்தன. தோல் ஏற்றுமதி அந்த ஆண்டுகளில் ஏறியது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பார்கள். அந்த வருடங்களில் ஆவாரையின் பட்டை செத்தவற்றின் தோலைத்தான் காப்பாற்றியது. எங்கள் செழிப்பின் அடியில் ஒரு பஞ்சம் இருக்கிறது. ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்கு என்று எடுத்து வைக்கும்போது, இது என் நினைவுக்கு வரும்.

அப்பா காலத்துப் பதனிடும் முறையை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். உப்பு போட்டு வந்த தோலை ஊறவைத்து அலசுவார்கள். சுண்ணாம்புக் குழியில் பல நாள் கிடக்கும். மயிர் தளர்ந்ததும் சாய்ந்த மரக்கட்டையின் மேல் போட்டுக் கத்தியால் வழிப்பார்கள். திருப்பிப் போட்டு ஒட்டிய சதையைச் சீவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டி. ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி, வாரக்கணக்கில். கடைசியில் கடுக்காய், எண்ணெய், நிழலில் உலர்த்தல். வெளிர்மஞ்சளாக, பிஸ்கட் வாசத்தோடு வரும் அந்தத் தோலுக்கு 'ஈ.ஐ.' என்று பெயர். ஈஸ்ட் இந்தியா. கம்பெனி ஆட்சி போன பிறகும் பெயர் போகவில்லை. கட்டுக்கட்டாகச் சென்னை பெரியமேட்டுக்குப் போகும், அங்கிருந்து லண்டனுக்கு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக இதைத்தான் அரசே வாங்கியது.

தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவனின் ஈமானுக்கு, இறைநம்பிக்கைக்கு, அந்தக் கட்டில்தான் பரீட்சை. நான்காம் தரத் தோலை மூன்றாம் தரக் கட்டின் நடுவில் செருகினால் யாருக்குத் தெரியும்? கட்டு பிரிக்கப்படுவதோ கடல் தாண்டி. குர்ஆனில் அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு, 83ஆவது. மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததாம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே, வாங்குகிறவர் பார்த்திருப்பாரே என்று கண்டித்தார்களாம். இந்தக் கதையை அப்பா எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொன்னார். "குவியலுக்குள்ள கையை விடு. மேலாகப் பார்க்காதே," என்றார். ஒவ்வொரு கட்டிலும் கையை விட்டேன். ஓரிரண்டு முறை, மாதக் கடைசியில், விடாமலும் இருந்திருக்கிறேன். அதை இங்கே மறைத்தால் இந்தக் கட்டுரையும் நனைந்த குவியலாகிவிடும்.

தோலில் வந்த பணம் கல்வியிலும் இறங்கியது. வாணியம்பாடியில் 1919ல் இஸ்லாமியா கல்லூரி வந்தது. ஆம்பூருக்குப் பக்கத்தில் தோல் வியாபாரி காகா முஹம்மது உமர் 1924ல் ஜாமியா தாருஸ்ஸலாமைத் தொடங்கினார். அந்த இடமே உமராபாத் என்றாயிற்று. மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி சி. அப்துல் ஹக்கீம் கட்டிய சித்தீக் சராய் சென்னை சென்ட்ரலுக்கு எதிரில் இருக்கிறது. மேல்விஷாரத்தில் அவர் பெயரில் 1965ல் கல்லூரி எழுந்தது. பிழைப்புத் தேடி ரயிலில் சென்னை இறங்கிய எத்தனையோ பேர் சராயில் படுத்துத் தூங்கினார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

சதகாவின் இந்த வரலாற்றைச் சொல்லும்போது எங்கள் குரல் உயர்ந்துவிடும். அடுத்ததைச் சொல்லும்போது தாழும்.

சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் தலித் மக்கள். முதலாளி முஸ்லிம், மேஸ்திரியும் பல இடங்களில் முஸ்லிம், குழியில் அவர்கள். பள்ளிவாசல் வரிசையில் முதலாளியின் தோளும் என் தோளும் ஒட்டி நிற்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து திரும்பி வந்தால், குழிக்குள் நின்றவர்கள் குழிக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பார்கள். எங்கள் மார்க்கம் தீட்டை ஒழித்தது. எங்கள் தொழில் அதைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டது. திண்டுக்கல் டேனரித் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, எங்கள் பக்கத்தில் சிலர் அதை வாங்கிப் படித்தோம். திண்டுக்கல் எங்களுக்குத் தூரமாகவே தெரியவில்லை.

நான் சேர்ந்த புதிதில் சுண்ணாம்புக் குழியில் ஒரு பெரியவர் இருந்தார். சம்பள நாளில் அவர் கைநாட்டு வைத்தால் ரேகை விழாது. மை மட்டும் வட்டமாக விழும். சுண்ணாம்பு அத்தனை வருடமாக விரல் தோலைத் தின்றிருந்தது. ஒரு ரமலானில் நோன்புக் கஞ்சி தூக்குச்சட்டியில் எடுத்துப்போய் அவருக்குக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏம் பாய், பதம் போட்டா தோலு சுத்தமாயிடும்னு உங்காளுங்க சொல்றாங்களே?"

"ஆமாம் பெரியவரே."

"எங்க தோலையுந்தான் சுண்ணாம்பு பதம் போட்டுடுச்சி. அப்ப நாங்களும் சுத்தந்தான?"

கேட்டுவிட்டு அவர் சிரித்தார். கஞ்சி நன்றாக இருக்கிறது என்றார். நான் தூக்குச்சட்டியைக் கழுவப் போனேன்.

1903ஆம் ஆண்டு எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு விதத்தில் பெரிய ஆண்டு. அந்த நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியை அழித்தது. பல உயிர்கள் போயின. அதே ஆண்டில்தான் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் குரோம் உப்பால் தோல் பதனிட ஆரம்பித்திருந்தார்கள். சென்னையின் ஆட்டுத்தோல் பச்சையாகவே பிலடெல்பியாவுக்குப் போகத் தொடங்கியது, இங்கே பட்டைத் தொட்டிகள் காய்ந்தன. அதற்கு மாற்றாக வந்த குரோம் எங்கள் ஊர்களில் பரவ வெகுகாலம் ஆயிற்று. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948ல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்து, முழுமையாக்கிய தோலாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தத் திருப்பத்தில். அப்பாவின் பட்டைத் தொட்டிகளை உடைத்துவிட்டு மர டிரம்களை நிறுத்தினார்கள். வாரக்கணக்கான வேலை நாள்கணக்கானது. டிரம்மிலிருந்து ஈரமும் நீலமுமாக வெளியே விழும் 'வெட் புளூ'வைப் பார்த்து தாதா, "இது என்ன வானத்தை உரிச்ச மாதிரி?" என்று கேட்டார்.

தோல் தூய்மையானது. தோலைத் தூய்மையாக்கிய தண்ணீர் எங்கே போனது?

அதை முதலில் கண்டுபிடித்தது விஞ்ஞானி அல்ல, என் அம்மா. எண்பதுகளில் ஒரு நாள், கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவில்லை என்றார். அடுத்த வருடம் தேநீரில் பால் திரிந்தது. பிறகு நகராட்சிக் குழாய்க்குக் குடம் வரிசை. ஹஸ்ரத் சொன்ன மூன்று சோதனைகளில் ருசி முதலில் தோற்றது.

எனக்கு வஜூவில் மனம் ஒப்பவில்லை. மார்க்கம் அறிந்த ஒருவரிடம் கேட்டேன். நிதானமாகப் பதில் சொன்னார். கடல் நீரில் வஜூ கூடும், ஆகவே உப்பு குற்றமில்லை. அசுத்தம் கலந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை தண்ணீர் சுத்தமானதுதான். சந்தேகம் உறுதியை நீக்காது. பள்ளிவாசலின் ஹவுஸ் என்னும் தண்ணீர்த்தொட்டி பத்து முழத்துக்குப் பத்து முழம் இருந்தால் அது ஓடும் நீர் போலத்தான், எளிதில் கெடாது. எல்லாம் பழைய நூல்களில் உள்ள சட்டம், எல்லாம் சரி. என் தொழுகை கூடியது. ஆனால் அந்தச் சட்டங்களை எழுதிய இமாம்கள், ஆற்றின் அடிவயிற்றுக்கே உப்பு ஏற்றும் ஒரு தொழிலைக் கண்டிருக்கவில்லை. ஓடும் ஆற்றின் கரையில் வஜூ செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்ற போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குழாயடியில் சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் பார்த்துவிட்டு, ஷிப்டுக்குப் போய் டிரம்மைத் திறந்துவிட்டோம்.

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் ஆவதும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வின்படி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டிருப்பதும் அதில் இருக்கின்றன. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு வரும்முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு நிறுத்தியது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கெல்லாம் இன்று எங்கள் பழைய மாவட்டத்தின் பெயர் பாடம்.

அந்தச் செய்தி வந்த அன்று டேனரியில் கோபம் இருந்தது, பயம் இருந்தது. வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம். மேசையில் தோலை விரித்துத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா சொன்ன தானியக் குவியல் நினைவுக்கு வந்தது. மேலே காய்ந்த முதல் தரத் தோல். உள்ளே கையை விட்டால் ஈரம். அந்த ஈரம் பாலாறு. வாங்குகிறவர் பார்க்கும்படி அதை நாங்கள் ஒருநாளும் மேலே வைக்கவில்லை. ஒரு தோலில் உண்ணிக்கடியைக் கண்டுபிடித்துத் தரம் இறக்கிய என் விரல், இருபது வருடமாக அந்த ஆற்றைத் தடவிப் பார்க்கவில்லை.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரை வெளியே விடாமல் திருப்பிப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. செலவு தாங்காத சிறிய டேனரிகள் மூடின. மூடியவர்களில் நல்லவர்கள் உண்டு, நடத்துகிறவர்களில் அக்கறையுள்ளவர்கள் உண்டு. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுங்கள், கெடுத்தவர்களிடம் அதை வசூலியுங்கள் என்றது. முதல் தீர்ப்பின்போது பிறந்த குழந்தைக்கு அன்று இருபத்தெட்டு வயது.

பக்ரீத் தோறும் இப்போதும் குர்பானித் தோலை மதரசாக்காரர்கள் வந்து எடுத்துப்போகிறார்கள். கசாப்புக்காரருக்குக் கூலியாகத் தோலைக் கொடுக்கக் கூடாது, விற்றால் பணம் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். என் இளமையில் ஒரு நல்ல ஆட்டுத்தோலின் விலையில் ஓதும் பிள்ளை ஒருவன் பல நாள் சாப்பிடுவான். இன்று விலை விழுந்து, ஏற்றிப்போகும் வண்டி வாடகைக்கே கட்டவில்லை என்கிறார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தோலையும் விரித்துத் தடவிப் பார்த்து, "இது முதல் தரம், உப்பு நல்லாப் போடுங்க," என்று சொல்லி அனுப்புகிறேன்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. நந்தி மலையில் பிறக்கும் அந்த ஆற்றை வாழ்நாள் முழுதும் மணலாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். வெள்ளம் வடியத் தொடங்கிய ஒரு மாலை, அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டிருந்தது. பள்ளிவாசலுக்குப் போகாமல் கரையிறங்கினேன். அறுபத்துநான்கு வயதில் முதல்முறையாக ஓடும் பாலாற்றில் வஜூ செய்ய உட்கார்ந்தேன்.

கையில் ஏந்தினேன். செம்மண் நிறம். மண் கலந்தால் பரவாயில்லை, சட்டம் அனுமதிக்கிறது. வாயில் ஊற்றினேன். தன் காலத்தில் இருந்ததாகத் தாதா சொன்ன இனிப்பு இல்லை, அம்மாவை அழவைத்த உப்பும் இல்லை. மூக்கில் ஏற்றினேன். மெலிதாகத் தோல் நெடி.

மறுபடியும் ஏந்தி முகர்ந்தேன். நெடி இருந்தது. அது ஆற்றிலிருந்து வருகிறதா, என் கையிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை.